ஃபுளோரைடு இல்லாமல் பல் சொத்தையைத் தடுப்பது எப்படி: சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேக்காவில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் பற்பசை அடுக்கு பச்சையும் பழுப்புமாகத்தான் கண்ணில் படும். வேம்பு, கிராம்பு, கருவேலம்பட்டை, உப்பு, கரி. சில பெட்டிகளில் 'ஃபுளோரைடு இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஃபுளோரைடு என்பது சொத்தையைத் தடுக்கப் பற்பசையில் சேர்க்கும் தாது உப்பு. அதைத் தேடி வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். தர்மபுரிப் பக்கம் பல்லெல்லாம் பழுப்பேறிய சொந்தக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவர் ஒருவர். பிள்ளை பசையை விழுங்கிவிடுமே என்று கவலைப்படும் அம்மா இன்னொருவர். வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இயற்கை மாற்று' என்று சொல்லப்படுபவற்றில் சொத்தையைத் தடுப்பவை சிலதான். மீதியெல்லாம் வாயை மணக்க வைக்கும், ஈறுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையில் வேலை செய்பவை எவை, அவற்றை எந்த வரிசையில் கடைப்பிடிப்பது, யார் இந்தப் பரிசோதனையில் இறங்கவே கூடாது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் வாய்க்குள் ஏற்கெனவே என்ன போகிறது என்று பாருங்கள்

சிங்கப்பூரில் குழாயைத் திறந்தாலே ஃபுளோரைடு வருகிறது. 1950-களின் பிற்பகுதியிலேயே தீவின் குடிநீரில் அதைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்; மொத்த மக்கள்தொகைக்கும் இப்படிக் கொடுத்ததில் ஆசியாவில் இதுதான் முதல் நாடு. இப்போது இருக்கும் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் மேல் வரம்பு 1.5 மில்லிகிராம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால்தான் அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே பார்த்த பழுப்புப் பற்களுக்கும் வளைந்த எலும்புகளுக்கும் காரணம் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்த ஃபுளோரைடு. அதுவும் இயற்கைதான் என்பதைக் கவனியுங்கள். அந்த அளவும் இங்கே குழாயில் வரும் அளவும் ஒன்றல்ல. ஊரில் கண்டதை வைத்து இங்கே பயப்பட வேண்டியதில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். குழாயில் மாட்டும் சாதாரணக் கரி வடிகட்டியும் அதைப் பெரிதாகப் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வேலை செய்யும் 'ஆர்ஓ' கருவி பெரும்பகுதியை எடுத்துவிடும். வீட்டில் ஆர்ஓ, கையில் மூலிகைப் பற்பசை, அப்புறம் புட்டி நீர் என்று மூன்றும் சேர்ந்தால் உங்கள் பல்லுக்குக் கிடைக்கும் ஃபுளோரைடு வெகுவாகக் குறைந்துவிடும். தெரிந்து செய்தால் சரி, தெரியாமலே இந்த நிலைக்கு வந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். கடுந்தேநீர் ஒரு கோப்பையில், அதே அளவு குழாய்நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஃபுளோரைடு வேண்டாம் என்று பற்பசையை மாற்றிவிட்டு நாளைக்கு நான்கு தே குடிக்கிறவர்கள் நம்மில் நிறைய.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழாய்நீரைக் குடித்துக்கொண்டே பற்பசையை மட்டும் மாற்றுவது ஒரு முடிவு. தண்ணீரையும் சேர்த்து மாற்றுவது வேறு முடிவு. கனடாவின் கால்கரி நகரம் 2011-ல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நிறுத்தியது. சேர்ப்பதைத் தொடர்ந்த எட்மன்டன் நகரத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது கால்கரிப் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகம் இருந்தது. 2021-ல் மக்களிடம் வாக்கெடுத்து, 2025-ல் மறுபடி சேர்க்கத் தொடங்கினார்கள். நான் குழாய்நீரில் கை வைக்கச் சொல்ல மாட்டேன். கீழே வரும் எல்லாமே நீங்கள் குழாய்நீர் குடிக்கிறீர்கள் என்ற கணக்கில் எழுதியது.

இரண்டாம் படி: சொத்தை எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இது சுருக்கமாகவே போதும். பல்லின் மேல்பூச்சான எனாமல் பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாது. பல்லின்மேல் ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பான படலத்தில் வாழும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் கக்குகின்றன. வாயின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தை மட்டுப்படுத்தி, தன்னிடமுள்ள கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களில் பிஎச் இறங்கும், ஏறி வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

நாள் முழுக்க நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கலில் போனது அதிகமா வந்தது அதிகமா என்பதுதான் சொத்தை. ஃபுளோரைடு செய்வது இரண்டு வேலை: தாது திரும்பி வருவதை வேகப்படுத்தும், அப்படித் திரும்பி வரும் தாதுவை அமிலத்துக்கு எளிதில் கரையாததாக ஆக்கும். ஃபுளோரைடு கலந்த தாது கரைய பிஎச் 4.5 வரை இறங்க வேண்டும். ஆகவே அதை விட்டுவிடுகிறவர் போக்கைக் குறைக்க வேண்டும், வரவைக் கூட்ட வேண்டும். வேறு வழி கிடையாது. ஒரு பொருளை 'இயற்கை மாற்று' என்று யாராவது கொடுத்தால் இந்த இரண்டில் எதை இது செய்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது வாய்மணம்தான்.

மூன்றாம் படி: சீனி எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்று எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஃபுளோரைடு போடுகிறவருக்கும் போடாதவருக்கும் சொத்தையின் வேர் சீனிதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் விரும்பத்தக்க அளவு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. பல்லைப் பொறுத்தவரை எத்தனை கிராம் என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரு குலாப் ஜாமுனைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடித்தால் ஒரு அமிலத் தாக்குதல். ஒரு கோப்பைத் தேயை மேசையில் வைத்துக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உறிஞ்சினால், அந்த இரண்டு மணி நேரமும் பிஎச் மேலே ஏறவே விடுவதில்லை.

காப்பிக்கடைக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வெறும் 'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றியது. கெட்டிப்பாலே பாதிக்குப் பாதி சீனி. 'சீனி கம்மி' என்று சொன்னாலும் அது உள்ளே இருக்கும். 'தே சி' என்றால் ஆவிப்பால், சீனி தனியாகப் போடுவார்கள். 'தே ஓ' பாலில்லாதது, சீனி உண்டு. சொல்ல வேண்டியது 'தே சி கோசோங்' அல்லது 'தே ஓ கோசோங்'. கடைக்கார அண்ணன் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். "கோசோங்கா? கொஞ்சம்கூட வேணாமா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். உடனே முடியாதென்றால் சில வாரம் 'சியூ டாய்' என்று குறைவான சீனியில் குடித்துப் பழகிவிட்டு அப்புறம் மாறலாம். நாக்கு சீக்கிரமே பழகிவிடும்.

புட்டிப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் எழுத்துகள் கை கொடுக்கும். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து அடைக்கப்பட்ட பானங்களுக்கும், அடுத்த ஆண்டு இறுதியிலிருந்து கடையில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் இந்தத் தரவரிசை இருக்கிறது. 'ஏ' என்றால் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் வரை சீனி, 'பி' என்றால் 5 கிராம் வரை, 'சி' 10 வரை, அதற்கு மேல் 'டி'. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் 'ஏ'-க்குக் கீழே எதுவும் குடிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பி' என்ற எழுத்து பார்க்க நல்லபிள்ளை மாதிரி இருக்கும். 500 மில்லிலிட்டர் புட்டியில் அது 25 கிராம் வரை போகலாம், அதாவது ஒரு நாள் கணக்கு முழுவதும். இன்னொன்று, இந்த எழுத்து சீனியையும் கொழுப்பையும் பார்க்கிறது, புளிப்பைப் பார்ப்பதில்லை. சீனியில்லாத கோலாவும் எலுமிச்சைச் சோடாவும் பல்லை நேரடியாக அரிக்கும்.

'இயற்கை' விரும்பிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைச் சீனியை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், குலா மெலாக்கா என்று மாறுவார்கள். கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான். தேன் உயர்ந்தது, சீனி தாழ்ந்தது என்ற பேதமெல்லாம் அதற்குத் தெரியாது. பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் சத்தானவை, ஆனால் கடைவாயில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கிடக்கும். பழச்சாறிலும் சீனிதான், முழுப் பழமாகக் கடித்துத் தின்பது எவ்வளவோ மேல். முறுக்கு, பிஸ்கட், சிப்ஸ் போன்ற மாவுப் பண்டங்கள் இனிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். நாக்கால் துழாவிப் பாருங்கள், கால் மணி கழித்தும் பள்ளத்தில் கூழாக அப்பியிருக்கும்.

தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிடாதே என்று சொல்கிற ஆள் நான் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போகும்போதும் வரும்போதும் ஒன்று எடுப்பதற்குப் பதில், மதியச் சாப்பாட்டோடு தட்டில் வைத்து ஒரேயடியாகச் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடியுங்கள். லட்டு எண்ணிக்கை அதேதான், தாக்குதல் ஒன்றுதான்.

கைக்குழந்தைகள் வீட்டில் இருந்தால் இரவுப் பால்புட்டி மிக முக்கியம். புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கினால் மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும், தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பும் குறைவு. தேன் தொட்ட சூப்பான் அதைவிட மோசம், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் எந்த விதத்திலும் கொடுக்கக் கூடாது. தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகளில் மைலோ வேளாவேளைக்கு நடக்கும். அத்தையோ அம்மாவோ வருத்தப்படாதபடி எடுத்துச் சொல்வது உங்கள் சாமர்த்தியம். காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மற்ற நேரம் தண்ணீர் என்று ஒத்துக்கொள்ள வைத்தாலே பெரிய வெற்றி.

நான்காம் படி: படலத்தை எடுங்கள்

பசை எதுவானாலும் படலத்தை எடுப்பது தூரிகைதான். மென்மையான நார், காலையும் இரவும் இரண்டு நிமிடம், ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன அசைவு. இரவு துலக்கியபின் தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. புளிப்பாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் அரை மணி பொறுத்துத் துலக்குங்கள்.

பற்களுக்கு இடையே தூரிகை நுழையாது. ஃபுளோரைடு பசை போடாதவருக்கு அங்கே பாதுகாப்பு இன்னும் குறைவு. பல்லிடை நூலோ, இடைவெளி இருப்பவர்களுக்குக் குட்டித் தூரிகையோ இரவில் ஒரு தடவை. எவ்வளவு நன்றாகத் துலக்குகிறோம் என்று தெரிய, படலத்துக்கு நிறமேற்றிக் காட்டும் மாத்திரை ஒன்றை மென்று கண்ணாடியில் பாருங்கள். கீழ்வரிசை உள்பக்கமும் கடைசிக் கடைவாயின் பின்புறமும் இளஞ்சிவப்பாக நிற்கும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம்தான் விட்டுப்போகும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஐந்தாம் படி: ஹைட்ராக்சிஅபடைட் பற்பசையைத் தேர்ந்தெடுங்கள்

ஃபுளோரைடின் இடத்தில் வைக்க ஓரளவு தகுதியுள்ள பொருள் என்று நான் சொல்வது இதை மட்டும்தான். பல்லே எந்தத் தாதுவால் ஆனதோ அதையே நுண்துகளாக்கிப் பசையில் சேர்த்திருப்பார்கள். ஜப்பானின் சாங்கி நிறுவனம் 1980 முதல் இப்படிப்பட்ட பற்பசையை விற்கிறது. 1993-ல் ஜப்பான் அரசு சொத்தை தடுக்கும் மருந்துப்பொருளாக இதை ஏற்றுக்கொண்டது. போலந்தில் பெரியவர்களை வைத்து 18 மாதம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், ஹைட்ராக்சிஅபடைட் பசை போட்டவர்களுக்கும் ஃபுளோரைடு பசை போட்டவர்களுக்கும் புதிய சொத்தை விஷயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வாளர்களில் சிலர் பற்பசை நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஃபுளோரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டு ஆய்வுகள் இருக்கின்றன, இதற்கு இருப்பது சொற்பம்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பொருள்பட்டியலைப் படியுங்கள். 'ஹைட்ராக்சிஅபடைட்' என்ற பெயர் பட்டியலின் தொடக்கத்திலேயே வர வேண்டும். கடைசியில், வாசனைப் பொருளுக்கும் பின்னால் வந்தால் அது பெயருக்குச் சேர்த்தது. சதவீதம் போட்டிருந்தால் 10-ஐ ஒட்டியதைப் பாருங்கள். ஐரோப்பிய அறிவியல் குழு பற்பசையில் நுண்துகளாக 10 சதவீதம் வரை பாதுகாப்பானது என்று 2023-ல் கருத்துத் தெரிவித்திருக்கிறது. சில பசைகளில் இதோடு ஃபுளோரைடும் சேர்ந்திருக்கும். 'சோடியம் ஃபுளோரைடு', 'சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட்' என்ற பெயர்களைக் கவனித்தால் தெரிந்துவிடும். ஜப்பானியப் பொருள் விற்கும் கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும், விலை சாதாரணப் பசையைவிட நன்றாகவே அதிகம். துலக்கிவிட்டு நுரையைத் துப்புங்கள், வாய் கொப்பளித்துக் கழுவிவிடாதீர்கள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

இயற்கைப் பொருளா இது? ஆய்வகத்தில் செய்வதுதான். அது பொருட்டா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தேக்காவில் வாங்கும் மூலிகைப் பசைகளில் பெரும்பாலும் இந்தத் தாது கிடையாது. அவற்றில் ஃபுளோரைடு உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு; முன்பக்கத்து வேப்பிலைப் படத்தை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

ஆறாம் படி: சைலிட்டால், சட்டத்தை மீறாமல்

சைலிட்டால் மரப்பட்டையிலிருந்தும் சோளத்தண்டிலிருந்தும் எடுக்கும் இனிப்பு. சொத்தைக் கிருமியால் இதை அமிலமாக்க முடியாது. 1970-களில் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் செய்த ஆய்வுகளிலிருந்து இதற்குப் பேர் கிடைத்தது. பிற்பாடு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துச் சலித்துப் பார்த்தவர்கள் 2015-ல் சொன்னது, ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை என்பதுதான். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்ப முடியாது. வழக்கமாகச் சொல்லும் அளவு நாளைக்கு 5 முதல் 6 கிராம், மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பிறகு.

மற்ற நாடுகளில் இதை மெல்லும் கோந்தாகச் சொல்வார்கள். இங்கே அது 1992 முதல் தடை. அமெரிக்காவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்தபின் 2004-லிருந்து பல்லுக்கும் புகைப்பதை நிறுத்தவும் உதவும் மருத்துவக் கோந்துகளை மட்டும் மருந்தாளரிடமோ பல் மருத்துவரிடமோ வாங்கலாம். ஜோகூரில் மலிவு என்று பை நிறைய வாங்கி வராதீர்கள். சைலிட்டால் மிட்டாயோ கரையும் மாத்திரையோ இங்கேயே கிடைக்கும், அதே பலன்தான். ஒரேயடியாக அதிகம் தின்றால் வயிறு இளகும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சிறு அளவே நாயின் உயிருக்கு ஆபத்து.

ஏழாம் படி: உமிழ்நீரைக் கவனியுங்கள்

உமிழ்நீர்தான் நிஜமான இயற்கை வைத்தியம், காசு கொடுக்காமல் கிடைப்பது. நாள் முழுக்க ஏர்கான் அறையில், தண்ணீர் குடிக்காமல், வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தால் வாய் வறளும். ஒவ்வாமை, இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சிலவும் வறட்சி தரும். குழாய்நீரை ஒரு புட்டியில் மேசையில் வைத்து அவ்வப்போது குடியுங்கள். கேரட், வெள்ளரி, கொய்யாக்காய் என்று மெல்ல வேண்டியவற்றைத் தின்னுங்கள்.

சாப்பாட்டின் கடைசியில் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி பிஎச்-ஐ ஏற்றிவிடும், கால்சியமும் தரும். சீனி போடாத தயிரும் பனீரும் நல்லவையே. பாலிலுள்ள கேசீன் புரதத்திலிருந்து கால்சியத்தைப் பல்லில் ஒட்ட வைக்கும் பூச்சு ஒன்றை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். பல் மருத்துவமனைகளில் களிம்பாக விற்கிறார்கள். தாது போகத் தொடங்கிப் பல்லில் வெண்புள்ளி விழுந்தவர்களுக்குக் கொடுப்பதுண்டு. பால் ஒவ்வாமை இருப்பவர்கள் தொடக் கூடாது.

சமையல் சோடா அடுப்பங்கரையிலேயே இருக்கும் நல்ல பொருள். அரைத் தேக்கரண்டியை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துச் சாப்பிட்டபின் கொப்பளித்துத் துப்பினால் அமிலம் மட்டுப்படும். வறண்ட வாய்க்காரர்களுக்கும் கர்ப்பகால வாந்தியால் அவதிப்படுகிறவர்களுக்கும் இது உதவும். அதில் எலுமிச்சை பிழிந்து பல் வெளுக்கத் தேய்ப்பது மட்டும் வேண்டாம், பிழிந்த எலுமிச்சை எனாமலைக் கரைக்கும்.

எட்டாம் படி: பாட்டி வைத்தியங்களை அதனதன் இடத்தில் வையுங்கள்

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் துவர்ப்பானவை. ஈறுக்கு இதம், நுனியை மென்றால் தூரிகை. வேப்பங்குச்சிக்கும் அதே பெருமை. அரபுத் தெருப் பக்கமும் கேலாங் சிராயிலும் கிடைக்கும் மிஸ்வாக் குச்சி உகாய் மரத்தின் வேர். உலகச் சுகாதார நிறுவனமே அதைப் பழக்கமுள்ள இடங்களில் ஊக்குவித்திருக்கிறது. சரியாகத் தேய்த்தால் படலத்தை எடுப்பதில் நல்ல தூரிகைக்கு ஈடு கொடுக்கும். பின்பற்களின் உள்பக்கத்துக்குக் குச்சி எட்டாது, அதுதான் குறை. பகலில் குச்சி, இரவில் தூரிகை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சரியாக இருக்கும். நுனியைத் தினமும் வெட்டிப் புதிதாக மெல்லுங்கள். ஒன்று சொல்ல வேண்டும், புளோக்குக்குக் கீழே நிற்கும் வேப்பமரத்தில் கிளை ஒடிக்காதீர்கள். பொது மரத்தை ஒடிக்க அனுமதி இல்லை, பூச்சிமருந்து அடித்திருக்கவும் கூடும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது படலத்தையும் ஈறு வீக்கத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. சொத்தையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பிடித்தால் செய்யுங்கள், அதற்கப்புறம் துலக்குங்கள். விழுங்கிப் புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆகவே சிறு பிள்ளைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் வேண்டாம். துப்புவது குப்பையில், கழுநீர்த் தொட்டியில் அல்ல.

கிராம்பெண்ணெய் வலியை மரக்கடிக்கும். மரத்துப்போனதைக் குணமானது என்று எண்ணி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அதனாலேயே அது ஆபத்து. மஞ்சள், திரிபலாக் கஷாயம் எல்லாம் ஈறுக்கு, எனாமலுக்கு அல்ல.

சாம்பல், செங்கல் தூள், அடுப்புக்கரி, கல்லுப்பு இவற்றைத் தூக்கி எறியுங்கள். சொரசொரப்பான எதுவும் எனாமலைத் தேய்க்கும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. கறுப்பு நிறத்தில் விலை உயர்ந்த குழலில் வந்தாலும் கரி கரிதான். புகையிலை கலந்த பற்பொடியை ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கி, குப்பையில் போடுங்கள்.

ஒன்பதாம் படி: நீங்கள் இதில் இறங்கலாமா?

சொத்தை இல்லாத, இனிப்பு அதிகம் தொடாத, உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும் பெரியவர், குழாய்நீரும் குடிக்கிறவர் என்றால் மேலே சொன்னபடி முயன்று பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கடந்த இரண்டு மூன்று ஆண்டில் பல் அடைத்துக்கொண்டவர், பல்லில் கம்பி கட்டியவர், ஈறு இறங்கி வேர் தெரியும் முதியவர், கட்டுக்குள் வராத நீரிழிவு உள்ளவர், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர், வாய் வறட்சி உள்ளவர் ஆகியோர் ஃபுளோரைடை விடக் கூடாது. சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நான் ஃபுளோரைடு பசைதான் சொல்வேன். பயம் விழுங்குவதைப் பற்றியது என்றால் அதற்கு விடை அளவில் இருக்கிறது: மூன்று வயது வரை அரிசிமணி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு, பசையைப் போடுவது பெரியவர் கை. நிறைய பசையை வளைத்து வளைத்துப் போட்டிருக்கும் விளம்பரப் படத்தை மறந்துவிடுங்கள். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதுவாக்கில் முளைத்ததும், அதன் மேல்பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துக்கொள்ளலாமா என்று பள்ளிப் பல் மருந்தகத்தில் கேளுங்கள். மூலிகையில்லைதான், ஆனால் ஃபுளோரைடை நம்பாமலே சொத்தையைத் தடுக்கும் வழிகளில் மிக உறுதியானது இது.

பத்தாம் படி: பல்லைப் பாருங்கள், காட்டுங்கள்

மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறோரத்தைப் பாருங்கள். பிள்ளைக்கு மடியில் படுக்க வைத்துத் தலைமாட்டிலிருந்து பார்ப்பது எளிது. துணியால் துடைத்துப் பல்லை உலர்த்தியபின் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி மங்கிய வெள்ளை தெரிந்தால், தாது போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது இன்னும் திரும்பக்கூடிய நிலை. பழுப்பேறி, சொரசொரத்து, உணவு சிக்கத் தொடங்கினால் குழி விழுந்துவிட்டது. எந்தப் பசையும், எந்த இலையும் குழியை மூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகும்போது ஃபுளோரைடு போடுவதில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. சொன்னால்தான் பற்களுக்கு இடையே பார்க்கும் எக்ஸ்ரேயை எப்போது எடுக்கலாம் என்று அவர் முடிவு செய்ய முடியும், இடைவெளிச் சொத்தை கண்ணாடியில் தெரியாது. நீல, ஆரஞ்சு நிறச் சாஸ் அட்டை (அரசின் மருத்துவ உதவித் திட்ட அட்டை) வைத்திருக்கும் குடும்பங்களும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினரும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் சலுகை பெறலாம், பலதுறை மருந்தகங்கள் சிலவற்றிலும் பல் பிரிவு இருக்கிறது. முன்பதிவுக்குக் காத்திருக்க நேரும் என்பதால் இந்தச் சந்திப்பு முடியும்போதே அடுத்ததற்குத் தேதி வாங்கிவிடுங்கள்.

பசையை மாற்றும் முன் ஒரு எக்ஸ்ரே, ஓராண்டு கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். புதிய சொத்தை இல்லையென்றால் தொடருங்கள். ஒன்று வந்திருந்தாலும், அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே 1,000-லிருந்து 1,450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பேரங்காடியில் சில வெள்ளிதான். மற்ற படிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.